துப்பாக்கி மாதிரி செய்த வண்டி: யாரும் கண்டுக்காத பழைய பொருளை வாங்கி வெச்சா லாபமா?



மணலி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் என்னிடம் இப்படிக் கேட்டார்: "சார், அமெரிக்காவுல யாரும் மதிக்காத பழைய பிஸ்டல், ரிவால்வர் எல்லாம் சல்லிசா வாங்கி வெச்சுட்டு, பத்து வருஷம் கழிச்சு நல்ல விலைக்கு விக்கிறாங்களாம். நம்ம ஊர்ல அப்படி ஏதாவது பண்ண முடியுமா?"

சிரிச்சுட்டுப் போற கேள்வி இல்லை இது. துப்பாக்கிக்குப் பதிலா வாட்ச், நாணயம், ஆர்எக்ஸ் 100 என்று எதைப் போட்டாலும் கணக்கு ஒண்ணுதான். சம்பளத்துல மிச்சம் பிடிச்ச ஒரு லட்சத்தை எங்கே போடுறது என்று யோசிக்கிற வயசுல இந்த ஆசை எல்லாருக்கும் வரும். அதனால முதல்ல துப்பாக்கியைப் பார்த்துடுவோம். அப்புறம் நம்ம திருவொற்றியூர்ல செஞ்ச ஒரு பொருளுக்கு வருவோம். ரெண்டுக்கும் சொந்தம் இருக்கு.

விலை ஏறும். ஆனா யாருக்கு விப்பீங்க?

அமெரிக்காவில் நடந்தது உண்மைதான். அங்கே போலீஸ்காரங்க ரிவால்வரை விட்டு பிஸ்டலுக்கு மாறினப்போ, அவங்க கழட்டிப் போட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் மலிவா சந்தைக்கு வந்தன. சோவியத் கூட்டாளி நாடுகள் கைவிட்ட மக்காரோவ் பிஸ்டலும் 90-களில் அப்படித்தான் வந்தது. அன்னிக்கு அதை யாரும் பெருசா எடுத்துக்கல. வரத்து நின்ன பிறகு விலை ஏறிடுச்சு. ஆனா ஒண்ணைக் கவனிங்க. அங்கே வாங்குறதுக்கும் ஆள் உண்டு, விக்கிறதுக்கும் கடை உண்டு, ஒருத்தர் பத்து வெச்சுக்கவும் தடை இல்லை.

இங்கே 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாம கைத்துப்பாக்கி வெச்சிருந்தா ஜெயில். சென்னையில் கமிஷனர், மற்ற மாவட்டங்களில் கலெக்டர் என்று அனுமதி வாங்கணும், அதுக்கு வலுவான காரணம் காட்டணும். "சேகரிக்க ஆசை சார்" என்று விண்ணப்பத்தில் எழுதினா என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் வந்த திருத்தத்தில், சாதாரண லைசென்ஸ்தாரர் ஒருத்தர் மூணு துப்பாக்கி வரை வெச்சிருக்கலாம் என்பதை ரெண்டாக் குறைச்சுட்டாங்க. தேர்தல் வந்தா ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கணும். வெச்சிருந்தவர் இறந்துட்டா, வாரிசுக்கு அது சொத்தா வருதோ இல்லையோ, அலைச்சலா வரும்.

இவ்வளவு இருந்தும் வெளிநாட்டுப் பழைய .32 ரிவால்வர்கள் நம்ம நாட்டில் பல லட்சத்துக்குக் கை மாறுது. காரணம் அது அவ்வளவு உசத்தி என்பதால் இல்லை. தனியார் இறக்குமதியை 80-களிலேயே நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி வந்தது மட்டும்தான் சுத்துது. இது சட்டத்தால் வந்த பற்றாக்குறை. சட்டத்தால் வந்ததை இன்னொரு கையெழுத்து கலைச்சுடும். இங்கிலாந்தின் வெப்ளி கம்பெனி 2020-ல் உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் கூட்டுச் சேர்ந்து .32 ரிவால்வர் செய்ய ஆரம்பிச்சது. "வெப்ளி, ஃபாரின் சரக்கு" என்று லட்சங்களைக் கொட்டினவங்க வயித்துல அன்னிக்குப் புளி கரைஞ்சிருக்கும். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் 'நிர்பீக்' என்று டைட்டானியம் கலந்த உலோகத்தில் பெண்களுக்கான எடை குறைந்த ரிவால்வர் கொண்டுவந்தது. விலை சுமார் 1.22 லட்சம். பேப்பர்ல எல்லாம் வந்த பேர், கதை இருக்கிற பொருள். அமெரிக்காவில் இருந்தா நாளைக்கு சேகரிப்பாளர் தேடுவார். இங்கே அதை உங்ககிட்ட இருந்து வாங்கணும்னா, கையில் லைசென்ஸும் அதில் காலி இடமும் இருக்கிற ஒருத்தர் வேணும். எத்தனை பேர் தேறுவாங்க?

பொருளுக்கு விலை இருக்கு, சந்தை இல்லை. முதலீட்டுக் கணக்கில் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க அதிகம். நீங்க கேக்கிற தொகை விலை ஆகாது. இன்னொருத்தர் பணத்தை எடுத்து வைக்கிறாரே, அதுதான் விலை. தேவை இருந்து லைசென்ஸ் வாங்கினவருக்குத் துப்பாக்கி ஒரு கருவி. உங்களுக்கும் எனக்கும் அது முதலீடு ஆகாது. துப்பாக்கிக் கதை இத்தோட முடிஞ்சது.

திருவொற்றியூர் துப்பாக்கி

இப்போ அந்த சொந்தத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ஒரு கம்பெனி. 1890-களில் என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசு துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செஞ்சு கொடுக்கிற ஆர்டர் கிடைச்சது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பேர் வெச்சு, 'மேட் லைக் எ கன்', துப்பாக்கி மாதிரி செய்தது, என்று விளம்பர வாசகமும் வெச்சாங்க. சின்னத்தில் பீரங்கி. 1932-ல் வந்த மோட்டார் சைக்கிளுக்கு 'புல்லட்' என்று பேர். நம்ம தெருவில் டப் டப் என்று போற வண்டிக்குத் தோட்டாவின் பேர் வந்தது அப்படித்தான்.

1955-ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. 1956-ல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தது. அந்த வருஷக் கடைசி வரைக்கும் மொத்தமே 163 புல்லட்தான் செஞ்சாங்க. 1970 வாக்கில் இங்கிலாந்தில் கம்பெனி மூடியாச்சு. திருவொற்றியூரில் ஷிஃப்ட் ஓடிக்கிட்டே இருந்தது. 1977-ல் இங்கேயிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி. எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போறப்ப நாம யோசிக்காம கடந்து போற ஒரு சுவருக்குப் பின்னாடி நடந்த விஷயம் இது.

சரி, பழைய புல்லட் வாங்கி வெச்சுடலாமா? அதை எல்லாரும் கண்டுபிடிச்சாச்சு. வார்ப்பிரும்பு இன்ஜின், வலது கால் கியர் இருக்கிற பழைய புல்லட்டின் மதிப்பு ஆயில் கடைப் பையனுக்கும் தெரியும். தெரிஞ்ச விஷயம் விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஷேர் மார்க்கெட்டிலும் இதேதான்.

கேள்வி புல்லட்டோட கூடப் பிறந்தவங்களைப் பத்தியது. இதே கம்பெனி செஞ்சு, விக்காமப் போய், யாரும் பேசாத வண்டிகள் ஒரு பட்டாளம் இருக்கு. 60-களில் வில்லியர்ஸ் இன்ஜின் வெச்ச ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டர். அதே 173 சிசி ரகத்தில் ஷெர்பா, அப்புறம் க்ரூசேடர். 80-களில் 200 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜினோட மினி புல்லட். ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியோட கூட்டுச் சேர்ந்து ராணிப்பேட்டை ஆலையில் செஞ்ச மூணு வண்டிகள்: எக்ஸ்ப்ளோரர், சில்வர் ப்ளஸ், ஃப்யூரி. 1993-ல் டீசலில் ஓடுற புல்லட், டாரஸ் என்று பேர். 90-களின் கடைசியில் 535 சிசி லைட்னிங்.

இதில் ஃப்யூரியைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். 175 சிசி, அஞ்சு கியர், முன் சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். இந்தியாவில் செஞ்ச பைக்கில் டிஸ்க் பிரேக் வந்தது இதில்தான் முதல். இன்னிக்கு ஷோரூமில் டிஸ்க் இல்லாத பைக்கை நீங்க தொட மாட்டீங்க. அன்னிக்கு அதுக்கு மரியாதை இல்லை. காரணம் தரமில்லாதது இல்லை, நேரம். 1984, 85-ல் இண்ட் சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் என்று ஜப்பான் 100 சிசி வண்டிகள் வரிசையா இறங்கின. மைலேஜ், சுலபமான சர்வீஸ், ரீசேல். சம்பளக்காரங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க. போதாக்குறைக்கு ஜெர்மனியில் சுண்டாப் கம்பெனியே 1984-ல் திவால்.

டீசல் புல்லட்டின் கதை வேற. 325 சிசி, ஆறரை குதிரைத் திறன், கிட்டத்தட்ட 200 கிலோ எடை. வேகம் 65 தாண்டினா பெரிசு. ஆனா லிட்டருக்கு 70-க்கு மேல் கொடுக்கும், அதுவும் டீசல் விலை பெட்ரோலில் பாதிக்கும் கீழே இருந்த காலத்தில். பால்காரர், பேப்பர் ஏஜென்ட், ஊருக்கு ஊர் போற வியாபாரி வாங்கினாங்க. ஷோக்குக்காக யாரும் வாங்கல. புகை விதிகள் இறுகினதும் உற்பத்தி நின்னுடுச்சு. இவ்வளவு எண்ணிக்கையில் டீசல் மோட்டார் சைக்கிள் செஞ்ச கம்பெனி உலகத்திலேயே இது ஒண்ணுதான் என்று சொல்லலாம்.

தோத்த வண்டிக்கு ஏன் விலை வருது?

ராஜ்தூத் 350-ஐ எடுத்துக்கோங்க. எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் யமஹாவோட ஆர்டி 350-ஐ அந்தப் பேரில் இங்கே கொண்டுவந்தது. விலை ஜாஸ்தி, மைலேஜ் ரொம்பக் கம்மி. 1990 வாக்கில் மூட்டை கட்டிட்டாங்க. இன்னிக்கு அதே வண்டிக்கு லட்சக்கணக்கில் கேக்கிறாங்க, கொடுக்கிறாங்க.

நடுவில் என்ன நடந்தது? 1985-ல் பதினைஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் தெரு முனையில் அந்த வண்டியை வாய் பிளந்து பார்த்தான். அவனால் வாங்க முடியல. 2010-ல் அவனுக்கு நாற்பது வயசு, ஹவுஸிங் லோன் பாதி முடிஞ்சிருக்கும், கையில் காசு. இப்போ வாங்குறான். விலையை ஏத்துறது இந்த ஆசைதான். அது வர 25, 30 வருஷம் ஆகுது. இதைத் தெரிஞ்சுக்கிட்டா, அரிதா இருக்கிறது மட்டும் போதாது என்பதும் புரியும். அரிதாகவும் இருக்கணும், ஜனங்க மனசிலும் இருக்கணும். யாருக்கும் ஞாபகம் இல்லாத அரிய பொருளுக்குக் காயலாங்கடை விலைதான்.

அந்த அளவுகோலில் என் கணிப்பைச் சொல்றேன். கணிப்பு மட்டும்தான். டீசல் புல்லட்டுக்கு எதிர்காலம் இருக்கு, ஏன்னா அதைப் பார்த்தவுடனே கேள்வி கேக்காத மனுஷன் கிடையாது. ஃப்யூரிக்கு 'முதல் டிஸ்க் பிரேக்' என்ற ஒரு வரிக் கதை இருக்கு. அந்த ஒரு வரி நல்ல சொத்து. மினி புல்லட் பேரால பிழைச்சுக்கும். க்ரூசேடரும் ஃபேன்டாபுலஸும் வயசால மதிப்பு பெறும். சில்வர் ப்ளஸ்? உங்க தாத்தா ஓட்டின வண்டின்னா வெச்சுக்கோங்க. லாபத்துக்காக என்றால் வேணாம்.

எஞ்சினை விட ஆர்சி புக் முக்கியம்

இந்த இடத்தில்தான் பணம் போகுது, அதனால் மெதுவாப் படிங்க.

காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர் குப்பம் வரைக்கும் மாடிப்படிக்கு அடியில் சாக்கு போர்த்தின வண்டிகள் இன்னும் நிக்குது. பெரும்பாலும் ரிட்டயர் ஆன ஒருத்தரோட வண்டி, இல்லன்னா காலமான ஒருத்தரோட வண்டி. "எடுத்துட்டுப் போப்பா, இடம் அடைக்குது" என்பாங்க. விலை மலிவா இருக்கும். முதல் கேள்வி: ஆர்சி யார் பேரில் இருக்கு?

உரிமையாளர் இறந்திருந்தா, வாரிசு 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தகவல் சொல்லணும், மூணு மாசத்துக்குள்ள படிவம் 31 போட்டுத் தன் பேருக்கு மாத்தணும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இருபது வருஷமா யாரும் அதைச் செஞ்சிருக்க மாட்டாங்க. இப்போ செய்யணும்னா வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளோட ஆட்சேபணை இல்லைக் கடிதம், தாமதத்துக்கு அபராதம். ஒரு அண்ணன் திருப்பூரில், ஒரு அக்கா துபாயில் என்று இருந்தா கையெழுத்து வாங்கவே ஆறு மாசம். "மூத்த பையன்கிட்ட காசைக் குடுத்துட்டேன்" என்பது சட்டத்தில் வாங்கினதா ஆகாது.

ரெண்டாவது, 15 வருஷம் தாண்டின தனியார் வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கணும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. அதுக்கு வண்டி ஓடற நிலையில் ஆய்வுக்குப் போகணும். புதுப்பிக்கிற கட்டணத்தைச் சமீப வருஷங்களில் நல்லாவே ஏத்தியிருக்காங்க. பசுமை வரி தனி. பழைய ஆர்சி பல நேரம் கம்ப்யூட்டரிலேயே ஏறியிருக்காது. வாஹன் தளத்தில் நம்பரைப் போட்டு ஒண்ணும் வரலன்னா, ஆர்டிஓ ஆபீஸில் பழைய லெட்ஜரில் தேடி ஏத்த வேண்டியிருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி நேரில் போய்க் கேட்டுட்டு வாங்க.

மூணாவது, இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்சியோட ஒத்துப் போகணும். "ஆர்சி இல்ல சார், ஆனா வண்டி சுத்தம்" என்று சொன்னா, அது வண்டி இல்லை, உதிரி பாகங்களின் மூட்டை. அந்த விலைதான் கொடுக்கணும். திருட்டு வண்டியா இருந்தா அந்த விலையும் தண்டம், கேஸும் வரும்.

50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல் தனி விதி வந்திருக்கு. 'விண்டேஜ்' பதிவு. புதுசாப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஆனா அந்தப் பதிவில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண என்று சில காரணத்துக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். வண்டி அதோட அசல் உருவத்திலும் இருக்கணும். அதனால் பழைய க்ரூசேடரை வாங்கி, ஃப்ரேமை வெட்டி, பெரிய டயர் போட்டு 'பாபர்' ஆக்குறீங்கன்னா, சந்தோஷமா ஓட்டுங்க. சேகரிப்பாளர் மதிப்பு வெல்டிங் கடையிலேயே போச்சு.

கோர்ட்டும் அரசும் ஒரே நாளில் சந்தையை மூட முடியும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். டெல்லி சுற்றுவட்டாரத்தில் 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி, 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் உறுதி செஞ்சாங்க. அதுக்கு மேல என்னென்னவோ நடந்துச்சு, அது வேற கதை. டீசல் புல்லட்டை விரும்புற ஒரு பெரிய ஊரே வாடிக்கையாளர் பட்டியலில் இருந்து காணாமப் போச்சு என்பதுதான் நமக்கு விஷயம். துப்பாக்கியில் பார்த்த அதே வியாதி.

இப்போ கணக்கு

ஒரு உதாரணத்துக்கு, மினி புல்லட் ஒண்ணு 60,000 ரூபாய்க்குக் கிடைக்குது. சரி செய்ய 50,000. மொத்தம் 1.10 லட்சம். இன்ஷூரன்ஸ், ஆயில், டயர், பேட்டரி, புதுப்பிப்பு என்று சராசரியா வருஷம் 6,000. இதெல்லாம் நான் போட்ட எண்கள். உங்க வண்டிக்கு உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

அதே 1.10 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கி டெபாசிட்டில் போட்டா பத்து வருஷத்தில் சுமார் 2.16 லட்சம். வருஷாவருஷம் அந்த 6,000-ஐயும் போட்டா அது இன்னொரு 83,000. ஆக 2.99 லட்சம். வட்டிக்கு வரி கட்டணும். 20 சதவீத ஸ்லாபில் இருந்தா கையில் நிக்கிறது சுமார் 2.67 லட்சம். அதாவது பத்து வருஷம் கழிச்சு வண்டியை 2.67 லட்சத்துக்கு வித்தாத்தான் நீங்க சும்மா டெபாசிட் போட்ட ஆளுக்குச் சமம். "ஒண்ணே கால் லட்சத்துக்கு வித்தேன், லாபம்" என்று சொல்றவர் உண்மையில் பாதிக்கு மேல் விட்டிருக்கார்.

கடன் வாங்கிச் செஞ்சா? 1.10 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் மூணு வருஷப் பர்சனல் லோன் எடுத்தா மாசம் சுமார் 3,760 ரூபாய் தவணை. கட்டி முடிக்கிறப்ப 1.35 லட்சம். வட்டி மட்டும் 25,000 சொச்சம். வருமானம் எதுவும் தராத ஒரு பொருளுக்கு, சம்பளத்தில் இருந்து மாசாமாசம் வட்டி. வீட்டுக்கு ஒரே சம்பளம் உங்களோடதா இருந்தா இதைச் செய்யவே செய்யாதீங்க. கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறவங்களுக்கு ரெண்டு மடங்கா சொல்றேன்.

கணக்கில் எழுத முடியாத செலவும் நம்ம ஏரியாவில் உண்டு. ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக் காத்து. குரோம் பூச்சு ரெண்டு மழைக்காலத்தில் புள்ளி விழும். மூடி வெச்ச இடம் இல்லாதவங்க வாடகைக்கு ஷெட் எடுக்கணும்னா மேலே சொன்ன 6,000 எல்லாம் எந்த மூலைக்கு? பாகத்துக்குப் புதுப்பேட்டையில் கடை கடையா ஏறி இறங்கணும். புல்லட்டுக்குக் கிடைக்கும், சுண்டாப் வழி வந்த வண்டிக்குக் கிடைச்சா அதிர்ஷ்டம். இந்த இன்ஜின்களைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சுக் கோக்கிற மெக்கானிக்குகளுக்கும் வயசாகுது. எங்க அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னா, மெக்கானிக் ரிட்டயர் ஆகுறதும் ஒரு தேய்மானம்தான். மறுபக்கம், அப்படி ஒருத்தர் உங்க தெருவிலேயே இருந்தா, பெங்களூரில் இருந்து வந்து வாங்குறவருக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கு.

இன்ஷூரன்ஸையும் கவனிங்க. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி என்ற காப்பீட்டு மதிப்பைக் கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கணும். ஒண்ணும் பேசாம ஆன்லைனில் புதுப்பிச்சா தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கும். ரெண்டு லட்சம் மதிப்பு என்று நீங்க நினைக்கிற வண்டி திருடு போனா கையில் பூஜ்யம்.

வரி எப்படி?

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கு. நீங்களோ உங்களை நம்பியிருக்கிற குடும்பத்தினரோ சொந்தமாப் பயன்படுத்துற அசையும் பொருளை வருமான வரிச் சட்டம் 'பர்சனல் எஃபெக்ட்ஸ்' என்று ஒதுக்கி வெச்சிருக்கு. அது மூலதனச் சொத்துக் கணக்கில் வராது. நீங்க ஓட்டின பைக்கை லாபத்துக்கு வித்தா அந்த லாபத்துக்குக் கேபிடல் கெயின்ஸ் வரி இல்லை. நஷ்டம் வந்தா அதையும் எங்கேயும் கழிக்க முடியாது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு இதுக்கெல்லாம் இந்தச் சலுகை கிடையாது. வித்தா வரி உண்டு.

'பயன்படுத்துற' என்ற சொல்லை லேசா எடுத்துக்காதீங்க. தோல்பூர் மகாராஜா வழக்கில், பூஜைக்கு வெச்சிருந்த தங்கக் காசும் வெள்ளிக் கட்டியும் சொந்தப் பயன்பாடுதான் என்று வாதாடினாங்க. 1976-ல் சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல. உடம்போடயும் அன்றாடத்தோடயும் ஒட்டின பயன்பாடு இருக்கணும் என்று சொல்லிடுச்சு. வண்டியைப் பாலித்தீன் சுத்தி பத்து வருஷம் நிறுத்தி வெச்சுட்டு "என் பர்சனல் பைக்" என்று சொல்றது பலவீனமான வாதம். வருஷத்துக்கு நாலு வண்டி வாங்கி, சரி பண்ணி விக்கிறீங்கன்னா அது வியாபாரம். ஸ்லாப் படி வரி, கணக்குப் புத்தகம், எல்லாம் உண்டு. அதனால் வாங்கினா ஓட்டுங்க. ஞாயித்துக்கிழமை காசிமேடு வரைக்கும் மீன் வாங்கவாவது போயிட்டு வாங்க. வண்டிக்கும் நல்லது, வரிக்கும் நல்லது.

பைக்கா, பைக் கம்பெனியா?

இது எப்பவும் வர்ற கேள்வி. என்ஃபீல்டு இந்தியா 1994-ல் ஐஷரோட இணைஞ்சது. ஐஷர் மோட்டார்ஸ் பங்கு 2009-ல் சில நூறு ரூபாயில் இருந்து 2017-ல் 30,000-ஐத் தாண்டிச்சு. 2020-ல் ஒரு பங்கைப் பத்தாப் பிரிச்சாங்க. எந்த மினி புல்லட்டும் அந்த ஓட்டம் ஓடல. திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செஞ்சு ஆரம்பிச்ச எம்ஆர்எஃப் கதையும் உங்களுக்குத் தெரியும். 2023 ஜூனில் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. ஆனா இதைக் காட்டி "பைக் வேணாம், ஷேர் வாங்கு" என்று சொல்றவங்க பாதிக் கதைதான் சொல்றாங்க. ஜாவாவும் யெஸ்டியும் செஞ்ச மைசூர் ஐடியல் ஜாவா 1996-ல் மூடிட்டாங்க. அந்த வண்டிகளுக்கு இன்னிக்கும் விலை இருக்கு. கம்பெனி செத்து வண்டி பிழைச்ச கதையும் உண்டு, வண்டி தோத்துக் கம்பெனி ஜெயிச்ச கதையும் உண்டு. எது எதுன்னு அன்னிக்கே தெரிஞ்சவங்க யாரும் இல்லை. சம்பளக்காரங்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்டை நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்குக் காரணம் அதுதான்.

ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி, டேர்ம் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு, போனஸில் ஒரு தொகை மிச்சம், வண்டி மேல் நிஜமாகவே ஆசை என்றால் வாங்குங்க. அந்தப் பணம் திரும்ப வரலன்னாலும் தூக்கம் கெடாத அளவுக்கு மட்டும். என் கணக்கில் அது உங்க மொத்த சேமிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

கடைசியா, காசு கை மாறுற அன்னிக்கு. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே படிவம் 29, 30 ரெண்டிலும் விக்கிறவர் கையெழுத்து வாங்குங்க. பணத்தை ரொக்கமாக் கொடுக்காம வங்கி வழியா அனுப்புங்க. தேதி மட்டும் இல்லாம நேரமும் போட்டு டெலிவரி நோட் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வெச்சுக்கோங்க. உங்க அப்பாவோட வண்டியை விக்கிற பக்கம் நீங்க இருந்தாலும் இதேதான். ஏன்னா ஆர்சியில் பேர் மாறாத வரைக்கும், வண்டி யார் கையில் இருந்து மோதினாலும், பதிவில் இருக்கிறவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லியிருக்கு. வாங்கினவர் "மாத்திக்கிறேன்ணே" என்று சொல்லிட்டுப் போனா, பதினைஞ்சாவது நாள் ஃபோன் போடுங்க. டெலிவரி நோட் மாதிரி ஒண்ணைத் தமிழிலேயே தயார் பண்ணி வீடியோவுக்குக் கீழே வெச்சிருக்கேன். பிரிண்ட் எடுத்து நம்பரை நிரப்பினா போதும்.